பீச்சாங்கைக்கு ஒரு சிபாரிசு

நைனா, போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் என்னை யாரும் குறுக்கே வெட்ட முடியாது. எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா கடிதம் எழுதும் அளவுக்கு என்ன ஆயிற்று என்று பதறிக்கொண்டு குஜராத்திலிருந்து ரயில் ஏறிவிடாதே. பாப்பா குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, ஃபேனைப் பார்த்துச் சண்டை போடுகிறாள். உங்கம்மா வழக்கம்போல பேக்கிங் செக்‌ஷனுக்குப் போய் வருகிறாள். பவானி பிரசவ லீவு முடிந்து கம்பெனிக்குத் திரும்பிவிட்டாள். ரிட்டயர் ஆன நான்தான் இந்த வீட்டிலேயே அதிகம் வேலை செய்கிறவன். இதை உன்னோடு ரூமில் தங்கியிருக்கிற பையன்களுக்கும் படித்துக் காட்டு. பாதிப் பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றாய், மீதிப் பேருக்கு ஆகப்போகிறது. ஒளித்து வைக்கிற விஷயம் இதில் ஒன்றும் இல்லை.

பவானிக்குக் காய்ச்சல் வந்தபோது நீ போனில் சொன்னது நினைவிருக்கிறதா? முடியவில்லை என்றால் வேலையை விட்டுவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் குழந்தையைப் புட்டிப்பாலுக்குப் பழக்குங்கள் என்றாய். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய், தெரியும். நானும் "பாக்கலாம்" என்று வைத்துவிட்டேன். அந்தப் பாக்கலாமுக்கு விவரம்தான் இந்தக் கடிதம். மருமகள் பால் கொடுக்கிற விஷயத்தை மாமனார் எழுதுவதா என்று உனக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கும்தான் இருக்கிறது. ஆனால் ரோலிங் மில் கேன்டீன் அடுப்படியில் அடுத்தவர் வயிற்றைப் பார்த்தே பிழைத்தவன் நான். சாப்பாடு என்று வந்துவிட்டால் எனக்கு மாமனார், மருமகள் கிடையாது. சாப்பிட்டவர், சாப்பிடாதவர் என்று இரண்டே கட்சிதான். உன் பெண்டாட்டி கொஞ்ச நாளாக இரண்டாவது கட்சியில் இருந்தாள்.

காலையில் அவள் கிளம்புகிற அவசரம் உனக்குத் தெரியாது, நீ பார்த்ததில்லை. பாப்பாவுக்குப் பால் கொடுத்து, தலையை வாரி, ஐடி கார்டைத் தேடி, அரை தோசையை வாயில் போட்டு மீதியைத் தட்டிலேயே விட்டுவிட்டு ஓடுவாள். கம்பெனி பக்கத்தில்தான். நம் தெருமுனையில் திரும்பி நடந்தால் பால் பொங்குகிற நேரத்துக்குள் கேட் வந்துவிடும். அதனால் காலை டீ நேரத்தில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை பாப்பாவை நான் தூக்கிக்கொண்டு போகிறேன். ஒரு கையில் பாப்பா, ஒரு கையில் குடை, தோளில் டிபன் டப்பா போட்ட பை. மூக்கு அரித்தால்கூடச் சொறிய முடியாது. டைம் ஆபீஸ் பக்கத்தில் ஒரு சின்ன ரூமைக் காலி செய்து, திரை கட்டி, ஃபேனும் நாற்காலியும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பவானி மூச்சு வாங்க வருவாள், பாப்பாவையும் டப்பாவையும் வாங்கிக்கொண்டு உள்ளே போவாள். நான் வெளியே புங்கமரத்தடியில் நிற்பேன். மத்தியானச் சாப்பாடு அவளுக்குக் கேன்டீனில் உண்டு, அது பிரச்சினை இல்லை. ஆனால் காலையில் மற்ற பெண்கள் டீயும் பன்னும் சாப்பிடுகிற நேரம்தான் இவளுக்குப் பால் கொடுக்கிற நேரம். அவளுடைய நாஷ்டாவும் அதே நேரத்தில் உள்ளே போயாக வேண்டும். சைரன் அடித்ததும் வயர் சொருகுகிற அசெம்பிளி லைனில் போய் நின்றாக வேண்டும்.

அந்த டப்பா தினமும் பாதிதான் காலியாகி வந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். உருக்குக் கம்பி இழுக்கிற ஆட்கள் அடித்துப் பிடித்துச் சாப்பிட்ட பலகாரம் செய்த கை இது. முதலில் மெதுவடை வைத்தேன், பாதி வந்தது. எண்ணெய் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சுண்டல் வைத்தேன். ஸ்பூனும் சுண்டலும் அப்படியே இருக்க, மேலே இருந்த தேங்காய் மட்டும் காணாமல் போயிருந்தது. வாழைப்பழம் போன மாதிரியே திரும்பி வந்தது. எள்ளுருண்டை வைத்த அன்று உருண்டையும் பாதி, பாப்பாவின் உச்சந்தலையில் எள்ளும் பாதி. வீட்டுக்கு வருவதற்குள் எறும்பு வந்துவிடுமோ என்று ஊதிக்கொண்டே வந்தேன். உப்பு குறைச்சலா, இனிப்பு கூடவா என்று கேட்டால், "நல்லாதான் கீது மாமா, டைம் பத்தல" என்பாள். பொதட்டூர்பேட்டைப் பெண் மரியாதைக்காகச் சொல்கிறாள், என் சமையல்தான் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். உங்கம்மாவிடம் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தேன். எதற்கு முறைக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது, பாவம்.

அதற்குள் லைனில் நின்றுகொண்டிருந்த பவானிக்குத் தலை சுற்றியிருக்கிறது. வயரைச் சொருகிக்கொண்டிருந்த கை நடுங்கியதைப் பார்த்து சூப்பர்வைசர் உட்காரச் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டாள். பின்னாலேயே காய்ச்சல் வந்தது. பால் கட்டிக்கொண்டு மார் கல்லாகிவிட்டது என்று உங்கம்மா என்னிடம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டேன். மறுநாள் உங்கம்மாவும் பவானியும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். டாக்டரம்மா பார்த்து மருந்து கொடுத்தார். நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, ஒரே பக்கமாகவே கொடுத்துக்கொண்டிருக்கிறாயா என்பதுதான். பவானி தலையைக் குனிந்துகொண்டாளாம். வலது பக்கம் பாலே கொடுப்பதில்லை என்கிற மாதிரிதான் இருந்திருக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. நர்ஸும் தோண்டித் துருவவில்லை. இரண்டு பக்கமும் கொடு, வலிக்கிற பக்கத்தில் முதலில் கொடு, தண்ணீர் குடி, வயிற்றைக் காயப்போடாதே என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்றைக்குத்தான் நீ போன் செய்து வேலையை விடச் சொன்னாய். அவள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்ததும் பாப்பாவைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, சத்தம் போடாமல், அழாமல் சொன்னாள்: "வேலைய வுடுன்றாரு அவரு. பால வுடுன்றாங்க லைன்ல இருக்கவங்க. ரெண்டையும் வுடமாட்டேன் மாமா." நைனா, அந்தப் பெண் இத்தனை அழுத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பயிற்சி ஆளாகச் சேர்ந்து, லைனில் நின்று நின்று கால் வீங்கி, பெர்மனென்ட் ஆனவள். அந்த வேலை அவளுக்குச் சம்பளம் மட்டும் இல்லை. பாப்பாவும் அவளுக்கு அப்படித்தான். எனக்கு மனசு கலங்கிவிட்டது. ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது. ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது சமையல் ஒன்றுதான், அதுதான் பாதி டப்பாவாகத் திரும்பி வருகிறதே.

ஞாயிற்றுக்கிழமை விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. வேர்க்கடலையை வறுத்து, வெல்லம் போட்டு இடித்து, உருண்டை பிடித்து ஒரு தட்டில் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு பாப்பாவுக்கு வலது பக்கம் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், நர்ஸ் சொன்னபடி. பசியோ பசி, முகத்தில் தெரிந்தது. தண்ணீர் சொம்பு எடுக்க நான் திரும்ப வந்தபோது அவள் இடது கை உருண்டையை எடுத்து வாய்வரை கொண்டுபோயிருந்தது. என்னைப் பார்த்ததும் சட்டென்று அந்தக் கை துப்பட்டாவுக்குள் போய்விட்டது. திருடியவள் மாதிரி விழித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னம்மா, சாப்பிடு, யார் உன்னை என்ன சொல்லப்போகிறார்கள் என்றேன். சிரித்த மாதிரிச் சொன்னாள்: "பீச்சாங்கையால துன்றியா, பாப்பா பாத்துக் கத்துக்கும்னு அவரு சொன்னாரு மாமா."

நீ எப்போது சொன்னாய் என்று உனக்கே நினைவிருக்காது. அவள் பொதட்டூர்பேட்டையிலிருந்து குழந்தையோடு வந்த புதிதில், வீடியோ காலில் நீ பார்த்துக்கொண்டிருக்கும்போது ஏதோ முறுக்கைக் கடித்திருக்கிறாள். நீ சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை விட்டாய். விட்டுவிட்டுப் போய் ஷிப்டில் நின்றாய். அவளுக்கு அது மனசை விட்டுப் போகவில்லை. அவள் வீட்டிலும் சின்ன வயதில் இடது கையைத் தட்டித் தட்டி வளர்த்திருக்கிறார்கள், நம் வீட்டில் உன்னை வளர்த்த மாதிரியே. அன்றிலிருந்து என்ன நடந்திருக்கிறது, கவனமாகக் கேள். பாப்பா இடது கையில் இருந்தால் அவளுக்குச் சோத்தாங்கை காலி, சாப்பிடலாம். பாப்பாவை வலது பக்கம் மாற்றினால் மிச்சம் இருப்பது பீச்சாங்கை, சாப்பிடக் கூடாது. கம்பெனியில் இருக்கிற கொஞ்ச நேரத்தில் சாப்பிட வேண்டும் என்பதற்காகப் பாப்பாவை இடது பக்கமே வைத்திருந்திருக்கிறாள். பாப்பா அழுது அடம் பிடித்து வலது பக்கம் மாற்றியதும் டப்பாவை மூடிவிடுவாள். பாதி டப்பாவுக்கு அர்த்தம் அது. மார் கல்லானதற்கும், லைனில் கை நடுங்கியதற்கும் அதுதான் காரணம். நான் உப்பு குறைச்சலா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன்மேல் கோபம் வந்தது, மறைக்கவில்லை. போனை எடுத்து நாலு வார்த்தை விடலாம் என்று நம்பரைக்கூடத் தேடினேன். அப்புறம் எனக்கு மில் ஞாபகம் வந்துவிட்டது. பழுக்கக் காய்ந்த கம்பி ரோலரிலிருந்து சீறிக்கொண்டு வரும், இடுக்கியால் பிடித்துத் திருப்பி விடுவார்கள். மாற்றிவிட ரிலீவர் வந்தாலும் அந்த ஆட்கள் கேன்டீன்வரை நடந்து வரமாட்டார்கள். நான்தான் போண்டாவை வாளியில் போட்டுக் கொண்டுபோவேன். வலது கையில் தோல் கிளவுஸும் இடுக்கியும் அப்படியே இருக்கும், அதைக் கழற்றி மாட்டுவதற்குள் நேரம் போய்விடும். இடது கை கிளவுஸை மட்டும் உருவி, வேட்டித்துணியில் துடைத்துக்கொண்டு, போண்டாவை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். அத்தனை வருஷத்தில் அவர்களைப் பார்த்து யாராவது பீச்சாங்கையால் தின்கிறாயே என்று கேட்டிருப்பார்களா? நான்கூடக் கேட்டதில்லை. பாவம், எப்படி உழைக்கிறான் என்றுதான் சொல்லிக்கொண்டு வருவேன். கம்பி பிடிக்கிறவனுக்கு ஒரு நியாயம், குழந்தை பிடிக்கிறவளுக்கு ஒரு நியாயமா? நீயே சொல்.

வாயால் சொன்னால் அவள் தலையாட்டிவிட்டுப் பழையபடி டப்பாவை மூடிவிடுவாள் என்று தெரியும். அதனால் கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினேன், இரண்டு கையையும். பால் குடித்து முடித்திருந்த பாப்பாவை வாங்கி வலது கையில் வைத்துக்கொண்டு அவள் எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். தட்டிலிருந்து ஒரு உருண்டையை இடது கையால் எடுத்தேன். நைனா, சிரிக்காதே. இந்த வயதில் முதல் தடவை. வாய் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியவில்லை, உருண்டை மீசையில் இடித்துத்தான் உள்ளே போனது. பவானி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாப்பா என்னவோ ஏதோ என்று அவள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "சோப்பு போட்டுக் கழுவுனா ரெண்டுமே சோத்தாங்கைதாம்மா, துன்னு" என்றேன். அவள் துப்பட்டாவுக்குள் இருந்து கையை வெளியே எடுத்தாள். அதே உருண்டை, வியர்வையில் ஈரமாகி, இன்னும் அந்தக் கையிலேயே இருந்தது. அதை என் கண் எதிரில் கடித்துச் சாப்பிட்டாள்.

அப்போது பார்த்து உங்கம்மா உள்ளே வந்தாள். இரண்டு பேரும் பீச்சாங்கையால் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். இன்றைக்குப் பூசை உண்டு என்று நான் நினைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தாள், அவள் வலது கை முழுக்கக் கேழ்வரகு மாவு. "தட்ட இப்படித் தள்ளு" என்று சொல்லி இடது கையால் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்று முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நம்ம புள்ளைய நான் மடியில போட்டுனு கெடந்தப்போ யாரு எனக்கு உருண்ட புடிச்சிக் குடுத்தா? நீ மில்லுல ஊருக்கெல்லாம் போண்டா போட்டுனு இருந்த" என்றாள். அன்றைக்கு ராத்திரிப் பாத்திரம் முழுக்க நான்தான் தேய்த்தேன்.

மறுநாள் டப்பா காலியாக வந்தது. கழுவி வைத்த மாதிரி. புங்கமரத்தடியில் நின்று திறந்து பார்த்துவிட்டு நான் சிரித்ததைப் பார்த்து செக்யூரிட்டிக்காரர் என்ன சார் லாட்டரியா என்றார். அன்றிலிருந்து தினமும் காலிதான். காய்ச்சல் மருந்திலேயே போய்விட்டது, கட்டும் கரைந்துவிட்டது என்று உங்கம்மா சுவரைப் பார்க்காமலேயே சொன்னாள். மயக்கமும் இல்லை. பவானியின் கன்னத்தில் பழைய சதை திரும்பி வருகிறது. பாப்பா இரண்டு பக்கமும் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டே என் தோளில் வீடு வந்து சேர்கிறாள்.

ஆனாலும் என் சமையலிலும் தப்பு இருந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டு கை இருக்கிறவர்களுக்கான பலகாரத்தை ஒரு கைக்காரிக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். நீ ஊருக்கு வந்தால் நீதான் செய்யப்போகிறாய், அதனால் கேட்டுக்கொள். பால் கொடுக்கிறவளுக்கு உரிக்கிற, உடைக்கிற, தொட்டுக்கொள்கிற பண்டம் எதுவும் ஆகாது. உதிரக் கூடாது, கையில் ஒட்டக் கூடாது, குழந்தைமேல் சிந்தினால் சுடக் கூடாது. கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு மெல்லிசாக அடை தட்டி, ஆறவைத்து, நீளவாக்கில் வெட்டிச் சுருட்டி வைத்துவிடு. அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவை வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, வேர்க்கடலைப் பொடியும் வெல்லமும் கொஞ்சம் நெய்யும் விட்டு, ஒரே வாயில் போகிற அளவுக்குப் பிடி. பெரிதாகப் பிடித்தால் கடிக்கும்போது உதிரும். முட்டையை அவித்து உரித்து இரண்டாக வெட்டி மிளகுத்தூள் தூவு. பேரீச்சம்பழத்தில் கொட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வறுத்த கடலையை வை. சுண்டல்தான் வேண்டும் என்றால் மசித்துத் தட்டையாக்கிக் கல்லில் போட்டு எடு. கொய்யாவைத் துண்டு போடு. சளி பிடிக்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், சரிங்க என்று சொல்லிவிட்டுக் கொடு. நர்ஸிடமே கேட்டுவிட்டோம், தாராளமாகச் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார். தண்ணீர் பாட்டில் மூடி ஒரு கையால் தட்டினால் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். நான் முதலில் வாங்கிய திருகு மூடி பாட்டிலை உன் அலமாரியில் வைத்திருக்கிறேன், நீ எடுத்துக்கொள்.

இன்னொன்று. டப்பாவை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதே. பாப்பா எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப் பக்கம், கை எட்டுகிற இடத்தில், மூடியைத் திறந்து வைத்துவிட்டு வா. கம்பெனி ரூமுக்குள் நான் போக முடியாது என்பதால் அவளே இப்போது நாற்காலிக்கு இரண்டு பக்கமும் ஸ்டூல் போட்டுக்கொண்டுவிட்டாள். பிரசவ லீவு முடிந்து இன்னொரு பெண்ணும் அந்த ரூமுக்கு வர ஆரம்பித்திருக்கிறாள். அவளும் முதல் நாள் இடது கையை மடியில் மறைத்துக்கொண்டாளாம். "எங்க மாமாவே துன்றாரு, நீ துன்னு" என்று இவள் சொல்லியிருக்கிறாள். ஆக, இந்த சிப்காட் தொழிற்பேட்டையில் என் பெயர் இப்படிப் பரவிக்கொண்டிருக்கிறது. போண்டா மாஸ்டர் என்று இருந்தவன் பீச்சாங்கை மாமா ஆகிவிட்டேன். எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை, சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

பாப்பாவுக்கு ஆறாம் மாதம் பிறந்ததும் சிறுவாபுரி முருகன் கோயிலில் சோறூட்டலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். லீவு சொல்லிவிட்டு வந்து சேர். வரும்போது ஸ்வீட் பெட்டி வேண்டாம், எல்லாம் கையில் ஒட்டும். அந்தப் பக்கம் வேர்க்கடலை நன்றாக இருக்கும் என்கிறார்கள், அதைக் கொண்டுவா. நீ சொன்ன வார்த்தைக்குப் பவானியிடம் மன்னிப்பு எல்லாம் கேட்டுக்கொண்டு நிற்காதே, அவளுக்குச் சங்கடமாகிவிடும். அவள் உன்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை, நான் பிடுங்கித்தான் விஷயத்தை வாங்கினேன். நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கோயிலில் எல்லோரும் சுற்றி நிற்பார்கள், பொதட்டூர்பேட்டைச் சம்பந்தியும் இருப்பார். முதல் வாய் பாப்பாவுக்கு ஊட்டு. புது ருசி, துப்பிவிட்டு அழும், பவானி தூக்கிப் பால் கொடுக்க மடியில் போட்டுக்கொள்வாள். காலையிலிருந்து அவளும் ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டாள். அதே சோற்றில் அடுத்த உருண்டையைப் பிடித்து அவளிடம் நீட்டு. அப்போது அவளுக்கு எந்தக் கை காலியாக இருக்கிறதோ, அந்தக் கையில் வை.